கைதியின் மூட்டையில் இரண்டு தாளியோலைகள்

கண்டி இராச்சியத்திலிருந்து தப்பியோடிய ஒருவரின் மூட்டையில் என்னென்ன இருந்தன என்பதை, ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் நாம் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்ல முடியும். பத்து நாட்களுக்குப் போதுமான அரிசி. இறைச்சி, மீன். மிளகும் உப்பும். சமைப்பதற்கு ஒரு பாத்திரம். நீர் முகந்து வர இரண்டு சுரைக்குடுவைகள். கருப்பட்டி, சில இனிப்புப் பண்டங்கள். வெற்றிலை, புகையிலை. தீமூட்டும் பெட்டிகள் இரண்டு மூன்று, ஒன்று கைவிட்டால் மற்றொன்று உதவட்டும் என்பதற்காக. காட்டு முட்கள் காலில் ஏறாதபடி செருப்புத் தைத்துக்கொள்ள ஒரு மான்தோல். ஆளுக்கொரு கத்தியும், நீண்ட தடியொன்றின் நுனியில் பொருத்திய சிறு கோடரியும். இவற்றோடு, மழை பெய்தால் கீழே படுத்துறங்கக்கூடிய அளவில் இரண்டு பெரிய தாளியோலைகள்.

இந்தப் பட்டியலை எழுதிவைத்தவர் றொபேட் நொக்ஸ். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்னும் கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. திருத்தவேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த அக்கப்பலின் தலைவரையும் அவருடைய மகனையும் மாலுமிகள் சிலரையும் 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். தந்தை மறு ஆண்டிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் நொக்ஸ், சிறைச்சாலை இல்லாத சிறையில், கண்டி நாட்டின் கிராமங்களில் 19 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், வீடு கட்டினார். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்த என்ற ஊரிலிருந்து 1679 செப்டெம்பர் 22ஆம் திகதி, தலைச்சுமை வியாபாரி போல, ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழருடன் புறப்பட்டார். ஒக்டோபர் 12ஆம் திகதி இரவு அனுராதபுரத்தை விட்டுக் காட்டுக்குள் இறங்கினார். மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றிக்கொண்டு நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி மன்னார்ப் பகுதியில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார்.

1681இல் லண்டனில் வெளியான அவருடைய நூலை வரலாற்று மாணவர்கள் அரசியலுக்காகவும் சமூக வழக்கங்களுக்காகவும் புரட்டுவார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் படித்தேன். பின்னர் பத்திரிகைத் தொழிலில், ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையகத்தின் மூலைமுடுக்குகளுக்குப் போய்வந்த காலத்தில், அந்த மூட்டைப் பட்டியல்தான் என் கண்ணில் அதிகமாகப் பட்டது. இருவர் போகிறார்கள், இரண்டு ஓலைகள் எடுத்துச் செல்கிறார்கள். இன்று மலையேற்றக் கடைகளில் 'தனியாள் கூடாரம்' என்று விற்கப்படுகிறதே, அதுவே அது.

தும்பறை மலைத்தொடரில், அதாவது நக்கிள்ஸ் மலைகளில், தனியாக இரண்டு இரவு தங்குவதற்கு எப்படிப்பட்ட கூடாரம் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகின்ற நம்மவர் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கேள்வி புதிது போலத் தோன்றினாலும் கண்டி மலைநாட்டில் அது மிகப் பழையது. அதற்கு அந்த மலைநாடு ஒரு விடையையும் கண்டுபிடித்து வைத்திருந்தது.

*

தாளிப்பனையை நம்மவர் குடைப்பனை என்றும் சொல்வார்கள். சுவடி ஆராய்ச்சியாளர்களுக்கு அது சீதாளம். மலையாளத்தில் குடப்பன. சிங்களத்தில் 'தல'. அதன் ஓலையைக் குறிக்கும் சொல் 'தலபத்த'. ஆங்கிலத்தில் 'டலிபொட்'. தாவரவியலாளர் இட்ட 'கொரிஃபா அம்பிராகுலிஃபெரா' என்ற பெயரிலும் குடை இருக்கிறது. தென்னிந்தியாவின் மலபார்க் கரைக்கும் இலங்கைக்கும் உரிய மரம். 25 மீற்றர் உயரம் வரை வளரும். ஓலையின் விரிவு 5 மீற்றரை எட்டும். முப்பது முதல் எண்பது ஆண்டுகள் வரை பூக்காமல் நின்று, பின்பு உச்சியில் ஒரேயொரு தடவை பூக்கும். கிளைத்த பூங்கொத்துகளில் உலகிலேயே மிகப் பெரியது அதுதான். காய்த்து முடிந்ததும் மரம் செத்துவிடும். பேராதனைப் பூங்காவில் அது பூத்த காலத்தில் பார்க்க வாய்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

நொக்ஸ் இந்த மரத்தை விரிவாகவே எழுதியிருக்கிறார். பூவின் மணம் தாங்கமுடியாததால் வீட்டுக்கு அருகில் பூத்த மரத்தை வெட்டிவிடுவார்கள் என்கிறார். பூக்கும் முன்னர் வெட்டினால் நடுச்சோற்றை உரலில் இடித்து மாவாக்கி அடை சுடலாம் என்றும், அறுவடைக்கு முந்திய பஞ்ச மாதங்களில் அது உணவாகும் என்றும் குறிப்பிடுகிறார். கேரளத்திலும் குடப்பன மாவு பஞ்சகாலத்து உணவாக இருந்திருக்கிறது. ஆனால் அவர் மனமுருகிப் பேசுவது ஓலையைப் பற்றித்தான். ஒரு முழு ஓலை பதினைந்து இருபது பேரை நனையாமல் மூடும். காய்ந்த பின்பும் வலுவும் வளைவும் கெடாது. விரித்தால் கூடாரம் போலிருக்கும் அதே ஓலை, மடித்தால் விசிறியைப் போலச் சுருங்கி ஒரு மனிதனின் கைப்பருமனுக்கு வந்துவிடும். பாரமோ மிகக் குறைவு. முழு ஓலையை முக்கோணத் துண்டங்களாக நறுக்கி ஆளுக்கொன்றாக எடுத்துச் செல்வார்கள். கூர்முனை முன்னே இருக்கும்படி தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் கிளைகளும் புதர்களும் விலகி வழிவிடும். பகலில் வெயிலுக்கு நிழல், நடையில் மழைக்குக் குடை, இரவில் கூடாரம். படைவீரர் எல்லோரும் இதை வைத்திருந்தனர் என்கிறார். நூலிலுள்ள சித்திரங்களில் ஒன்றும், தாளியோலையின் கீழ் மழைக்கு ஒதுங்கும் மனிதரைக் காட்டுகிறது.

கூடாரம் வாங்கப்போகும் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இந்த ஒரு பந்திக்குள் அடங்கியிருப்பதைப் பாருங்கள். எவ்வளவு பாரம்? மடித்தால் எவ்வளவு இடம் பிடிக்கும்? நனைந்தால் என்ன ஆகும்? வேறெந்தத் தேவைக்கு உதவும்? கடைசிக் கேள்வியை இன்றைய கடைக்காரர்கள் கேட்கவிடுவதில்லை. குடை, மழைச்சட்டை, கூடாரம் என்று மூன்று பொருட்களைத் தனித்தனியே விற்பது அவர்களுக்கு இலாபம்.

ஓலையின் உறுதி அதன் மடிப்புகளில் இருக்கிறது. தட்டையான காகிதம் ஒரு விரலில் நிற்காது. அதையே விசிறிமடிப்பாக மடித்தால் நிமிர்ந்து நிற்கும். தாளியோலை இயற்கையாகவே அப்படி மடிந்து வளர்கிறது. அதனால் தனியே சட்டகம் வேண்டியதில்லை, ஓலையே சட்டகமும் கூரையும். அந்த மடிப்புகளே மழைநீரைக் கீழே கொண்டுபோகும் வாய்க்கால்களும் ஆகின்றன. ஓலையின் மேற்பரப்பில் இயல்பாகவே மெழுகுப்படலம் உண்டு. அது நீரை உறிஞ்சுவதில்லை. எனவே நனைந்த ஓலையை உதறிவிட்டால் மறுநாட் காலையிலும் பாரம் கூடியிராது.

நனைந்த கூடாரத்தின் பாரம் எப்படியிருக்கும் என்பதை அறியக் கிழக்குக் கரையில் இறங்கிய படைகளிடம் போக வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் எழுந்து நிற்கும் ஹந்தானை மலையில் ஓரிரவு தங்குவதென்று நாங்கள் ஐந்து நண்பர்கள் முடிவுசெய்தோம். நகரில் ஒரு கடை வாடகைக்குத் தந்த கன்வஸ் கூடாரத்தை மூங்கிலில் கட்டி இருவர் மாறிமாறிச் சுமந்தோம். புதிய கன்வஸ் நனைந்தால் நூல்கள் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும், அதனாலேயே ஒழுகாது. ஆனால் உள்ளேயிருந்து விரலோ தலையோ பட்டால் பட்ட இடத்திலிருந்து நீர் இறங்கத் தொடங்கும். ஐந்து பேர் நெருங்கிப் படுத்திருக்கும்போது படாமலிருப்பது எப்படி? நள்ளிரவுக்குப் பின் கூடாரத்துக்குள்ளும் மழைதான். காலையில் இறங்கும்போது அந்தக் கன்வஸின் பாரம் ஏறும்போது இருந்ததைப் போல இரு மடங்காக எனக்குத் தோன்றியது. தராசு ஏது, தோள்தான் சாட்சி.

*

1803 ஜனவரி 31ஆம் திகதி ஜெனரல் மக்டவல் கொழும்பிலிருந்து கண்டியை நோக்கிப் படையுடன் புறப்பட்டார். சில நாட்களின் பின்னர் கேணல் பார்புட் திருகோணமலையிலிருந்து புறப்பட்டார். பெப்ரவரியில் இருவரும் கண்டியை அடைந்தபோது நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், அதாவது நாயக்கர் வம்சத்துக் கண்ணுசாமி, மலைகளுக்குள் போய்விட்டார். ஆங்கிலேயர் முத்துசாமியைச் சிம்மாசனத்தில் அமர்த்தி, ஒரு காவற்படையை விட்டுச்சென்றனர். மழையும் காய்ச்சலும் அந்தப் படையைத் தின்றன. ஜூன் 24ஆம் திகதி மேஜர் டேவி சரணடைந்ததையும், மகாவலி கங்கைக் கரையில் வட்டாபுளுவையில் அவருடைய ஆட்களுக்கு நேர்ந்த முடிவையும் பாடசாலைப் புத்தகங்களிற் படித்திருப்பீர்கள்.

அந்தப் போரின் தீராத தலைவலி பாரம் சுமப்போர்தான். அரிசி, சாராயம், வெடிமருந்து, பீரங்கி, நோயாளிகளுக்கான டோலி, அதிகாரிகளின் கூடாரங்கள் ஆகிய அனைத்தும் மனிதத் தோள்களிலும் மாட்டு முதுகுகளிலும் ஏற வேண்டும். பாதை என்பது ஒற்றையடிப்பாதை. மழை பிடித்தால் அதுவும் ஓடையாகிவிடும். சுமப்பவர்கள் ஓடிப்போனால் படை அங்கேயே நின்றுவிடும்.

இதை நேரிற் கண்டு எழுதியவர் கப்டன் ஆதர் ஜோன்ஸ்டன். 1804 செப்டெம்பரில் பல திசைகளிலிருந்தும் படைகள் கண்டியைச் சென்றடைவதென்ற திட்டம் இடையில் கைவிடப்பட்டது. அந்தக் கட்டளைமாற்றத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளாத ஜோன்ஸ்டன், மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 300 வீரர்களுடன் தனியாகவே கண்டி வரை போய், யாரும் வந்து சேராததைக் கண்டு, அடை மழையிலும் தாக்குதல்களிலும் அடிபட்டுத் திருகோணமலைக்குத் திரும்பினார். 1810இல் வெளியான அவருடைய நூலில், தன் எதிரியின் மூட்டையைப் பற்றி அவர் எழுதியிருப்பதில் ஒரு பொறாமை ஒளிந்திருப்பதாகவே நான் படிக்கிறேன். கண்டிப் போர்வீரன் துப்பாக்கியும் பதினைந்து நாள் உணவும் ஒரு சிறு சமையற் பாத்திரமும் கொண்டுவருகிறான். உணவென்பது இரண்டு தேங்காய், சில குரக்கன் அடைகள், கொஞ்சம் அரிசி. கூடவே ஒரு தாளியோலைத் துண்டு. பகலில் வெயில் மறைப்பு. இரவில் இருவர் தத்தம் ஓலைகளின் அகன்ற பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்தினால், மழையும் பனியும் புகாத கூடாரம். சுமப்பதற்குக் கூலியாள் தேவையில்லை.

ஜோன்ஸ்டன் வருணிக்கும் ஏற்பாட்டை இன்னொருமுறை கவனியுங்கள். ஆளுக்குப் பாதிக் கூடாரம், இருவர் சேர்ந்தால் முழுக் கூடாரம். இதே ஏற்பாட்டைப் பிரெஞ்சுப் படையினர் 19ஆம் நூற்றாண்டில் துணியிற் செய்துகொண்டார்கள். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையினர் ஆளுக்கொரு துணித்துண்டைச் சுமந்து, இரவில் இருவர் துண்டுகளைப் பொத்தானிட்டு இணைத்து அதற்குள் நுழைந்தார்கள். இவர்கள் கண்டியைப் பார்த்துக் கற்றார்கள் என்று நான் சொல்லவரவில்லை. தோளில் சுமப்பவன் தானே யோசிக்கத் தொடங்கினால் எல்லா நாட்டிலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருவான். கூலியாளின் தோளில் சுமத்துபவனுக்கு அந்த யோசனை வருவதற்கு நெடுங்காலம் பிடிக்கும்.

ஐரோப்பிய மலையேறிகளின் வரலாறும் அதையே காட்டுகிறது. 1860களில் எட்வர்ட் விம்பர் ஆல்ப்ஸ் மலைகளுக்காக வடிவமைத்த கூடாரம் நால்வருக்குப் போதுமானது. பாரம் சுமார் 10 கிலோ. அதைச் சுமப்பதற்குத் தனியே ஆள் வைக்கவேண்டியிருந்தது. அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஆல்பர்ட் மமெரி, வழிகாட்டிகளும் சுமைகாரரும் இல்லாமல் ஏறத் துணிந்தவர். தன் பாரத்தைத் தானே சுமக்க வேண்டிவந்ததும் அவருடைய கூடாரம் பட்டுத்துணியாகி, 2 கிலோவுக்கும் குறைந்துவிட்டது. கூடாரக் கோல்களைக்கூட அவர் எடுத்துச் செல்லவில்லை. கையிலிருந்த பனிக்கோடரிகளையே நட்டுக் கூடாரத்தைக் கட்டினார். 1895இல் நங்க பர்பத்தில் மறைந்துபோன அவருடைய பெயரால் அந்தக் கூடாரம் இன்றும் அறியப்படுகிறது. நீண்ட தடியிற் பொருத்திய கோடரியோடும் தாளியோலையோடும் மல்வத்து ஓயாக் கரையில் நடந்தவரை மமெரி அறிந்திருந்தால் சிரித்திருப்பார். அமெரிக்காவில் 1955இல், 67 வயதான எம்மா கேட்வுட் என்ற பாட்டி, அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். மழைக்கென்று அவர் கொண்டுபோனது குளியலறைத் திரைச்சீலை ஒன்று. தாளியோலையின் தூரத்து உறவு.

*

இனி, கேட்டவர்களுக்குரிய விடை. நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு இரண்டு பருவப் பெயர்ச்சி மழைகளும் வந்து சேர்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து மழையோடு பலத்த காற்று. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கு மழை. இரண்டுக்கும் இடையில் ஒக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை. ஈரமான சரிவுகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது. கொம்பனிய சிகரம் 1,906 மீற்றர். உயரம் இமயத்துக்கு முன் ஒன்றுமில்லைதான். ஆனால் ரிவர்ஸ்டன் பக்கத்து வெளியில் காற்று அடிக்கும்போது நிற்பதே பெரும்பாடு. கணுக்காலில் அட்டை. 2000ஆம் ஆண்டிலிருந்து இது பாதுகாக்கப்பட்ட வனம், 2010 முதல் உலக மரபுரிமைப் பிரதேசத்தின் ஒரு பகுதி. ஆகவே அனுமதியின்றி நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது.

இங்கே தனியாளுக்குரிய கூடாரத்தை ஓலையின் அளவுகோலால் அளக்கலாம் என்பது என் எண்ணம். முதலாவது, மழையில் கட்டும்போது கூரை முதலில் ஏற வேண்டும். பல கூடாரங்களில் வலைத்துணியாலான உட்கூட்டை நிறுத்திய பின்புதான் மேலுறையைப் போர்த்த முடியும். மழை குறைந்த நாடுகளுக்கு அது சரி. தும்பறை மழையில் அந்த இரண்டு நிமிடத்தில் படுக்கை குளமாகிவிடும். மேலுறை முதலில் நிற்கும் வகையே இங்கு உகந்தது. ஓலை இந்தச் சோதனையில் கேள்வியின்றித் தேறும், அது வெறுங் கூரைதானே.

இரண்டாவது, மூச்சு. நம் மலைகளில் கூடாரத்துக்குள் ஒழுகுவதாக நினைக்கப்படும் நீரிற் பெரும்பகுதி, உள்ளே தூங்குபவரின் மூச்சும் வியர்வையும் குளிர்ந்த துணியிற் பட்டுத் துளியாகி விழுவது. ஒற்றைச் சுவர்க் கூடாரம் 700 கிராமுக்கும் குறைவாகக் கிடைக்கிறது, இரட்டைச் சுவர் என்றால் ஒரு கிலோவுக்கு மேலே போகும். ஈரப்பதன் மிகுந்த இம்மலைகளுக்கு அந்த மேலதிக சில நூறு கிராம்களைச் சுமப்பது நல்லது. இருபக்கமும் திறந்த ஓலைக்கூடாரத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அட்டைக்கும் அது இருபக்கமும் திறந்தே இருந்தது. அடித்துணியும் வலையும் உள்ள கூடாரம் இந்த ஒரு விடயத்தில் ஓலையை வென்றுவிடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாவது, காற்று. ஓலையின் பலவீனம் இதுதான். கண்டி வீரர்கள் காட்டுக்குள்ளும் பள்ளத்தாக்கிலும் உறங்கினார்கள், மொட்டை முகடுகளில் அல்ல. இன்றைய கூடாரத்திலும் உயரமாக நிமிர்ந்து நிற்பதைவிடத் தாழ்ந்து சரிந்ததே காற்றைத் தாங்கும். குறுக்காகப் பின்னிய அலுமினியக் கோல்கள் உறுதியானவை, பாரமும் கூட. நடைக்கோலையே தாங்கியாக நடும் கூடாரம் மமெரியின் வழிவந்தது. முளைகளை ஆழமாக அடிக்கத் தெரிந்தவருக்கு அது போதும். சிலிக்கோன் பூசிய நைலோன் நனைந்தால் தளரும், நள்ளிரவில் எழுந்து கயிற்றை இழுத்துக்கட்ட வேண்டிவரும். அதே பூச்சுள்ள பொலியெஸ்ரர் அவ்வளவு தளராது. மேலுறை தாங்கும் நீரழுத்தம் 1,500 மில்லிமீற்றருக்குக் குறையாமலும், அடித்துணி அதைவிடக் கூடுதலாகவும் இருக்கட்டும். தையல்களுக்குப் பட்டி ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதைக் கடையிலேயே பாருங்கள்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், எந்தக் கூடாரமும் மண்சரிவைத் தாங்காது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலின்போது கண்டி, மாத்தளை மாவட்டங்களில் கல் வீடுகளே மண்ணுக்குள் போயின. சரிவின் அடியிலும் ஓடையின் ஓரத்திலும் கூடாரம் அடிக்காதீர்கள். வானிலை எச்சரிக்கை இருந்தால் மலைக்கே போகாதீர்கள்.

*

கூடாரத்தைப் பற்றி எழுதவந்து பாதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஏனென்றால் நொக்ஸ் கண்டியிலிருந்து அரிப்புக்கு ஓடிய திசைக்கு நேரெதிர்த் திசையில், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்பு, நம்மவர்கள் நடந்து வந்தார்கள்.

1823-24 அளவில் கம்பளைக்கு அருகில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கினார். தேசாதிபதி பாண்ஸ் பேராதனையை அடுத்த கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். 1830களிலும் 40களிலும் கண்டி மலைகளைக் கோப்பி மூடியது. அதைப் பறிப்பதற்குத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைக் கூட்டிவந்தனர். தோணியில் மன்னார்க் கரையிலும் அரிப்பிலும் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடை. பாதையோரத்தில் நீர் இல்லை, நிழல் இல்லை, நீர் இருந்த இடத்தில் வாந்திபேதி. பின்தங்கியவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் அந்த வடபாதையிலேயே மாண்டனர். 'கசப்பான கோப்பியின் அடிமைத்தளை' என்று தமிழிற் சொல்லத்தக்க தலைப்பில் டொனவன் மொல்ட்ரிச் 1989இல் வெளியிட்ட நூல் இந்த நடையையும் சாவையும் பதிவுசெய்கிறது. நடந்து சேர்ந்தவர்களுக்கு மாத்தளைதான் முதல் மலை வாசல். அங்குள்ள முத்துமாரியம்மன் கோவிலில் இன்றும் அந்த நினைவு தங்கியிருக்கிறது.

அறுவடை முடிந்ததும் பலர் அதே வழியால் ஊர் திரும்பினார்கள். பறிப்புக் காலம் ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை. ஆகவே திரும்பும் நடை வடகிழக்கு மழையிற் போய் விழுந்தது. அவர்களுடைய மூட்டைக்குப் பட்டியல் எழுதிவைத்தவர் எவருமில்லை. நொக்ஸைப் போல அவர்களில் ஒருவர் எழுதியிருந்தால் அது மிகச் சிறிய பட்டியலாக இருந்திருக்கும். அதில் நிச்சயமாக இருந்திருக்கக்கூடிய பொருள் ஒன்றை மட்டும் நாம் அறிவோம். தோட்டங்கள் கொடுத்த கம்பளி.

முரட்டு உரோமத்தால் நெய்த அந்தக் கம்பளியை ஒரு மூலையை உள்ளே மடித்துக் கூம்பாக்கித் தலையிற் போட்டுக்கொள்வதற்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கொங்காணி போடுதல் என்று பெயர். மலையிலும் அதுவே மழைச்சட்டை. வேலைநேரத்தில் முதுகை மூடியது, இரவில் லயன் அறையின் ஈர நிலத்தில் பாயும் போர்வையுமானது, நடையில் கூரையானது. தாளியோலையைப் போலவே பல வேலைக்கு ஒரு பொருள். ஆனால் ஓலை நீரை வழியவிடும், கம்பளி குடிக்கும். ஓலையை மரத்திலிருந்து வெட்டியெடுக்கலாம். கம்பளி தோட்டத்தின் கணக்கேட்டில் தொழிலாளியின் பற்றாக எழுதப்பட்டது. அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்பட்டது. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று ஏறிய கடனோடுதான் பலரின் முதலாவது மாதம் தொடங்கியது. தனக்கு எந்தக் கூரை வேண்டும் என்று தெரிவுசெய்யும் உரிமை அந்தக் கணக்கேட்டில் இல்லை.

1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் இருப்புப்பாதை வந்தது. 1914இல் தலைமன்னார் வழிப் புகையிரதம் வந்த பின்னர் வடபாதையில் நடப்பவர் இல்லாது போயினர். காடு பாதையை மூடியது. ஆனால் அந்தப் பக்கத்தில் தமிழர் கூரையின்றி இருந்தது அதுவே கடைசித் தடவையல்ல. நொக்ஸ் நடந்த மல்வத்து ஓயா, மன்னார்ப் பக்கத்தில் அருவியாறு என்று பெயர் மாறிச் செட்டிகுளத்தைக் கடக்கிறது. 2009இல் வன்னியிலிருந்து வெளியேற்றப்பட்ட இலட்சக்கணக்கானவர்களுக்காக மெனிக் பாம் முகாம் அமைந்தது அங்கேதான். வெள்ளைத் தறப்பாளின் கீழ் வெயிலுக்கு அனல், மழைக்குச் சேறு. 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. கூடாரம் என்ற சொல்லைக் கேட்டால் சுற்றுலா நினைவுக்கு வராத ஒரு தலைமுறை நம்மிடம் இருக்கிறது. அவர்களின் பிள்ளைகள்தான் இன்று சிலர், நக்கிள்ஸ் மலைக்கு ஒரு கிலோக் கூடாரம் தேடுகிறார்கள்.

தாளிப்பனை இப்போது கண்டிப் பக்கத்தில் குறைந்துவிட்டது. அதன் ஓலையைத் தலையில் வைத்து நடப்பவரை நான் ஒருபோதும் கண்டதில்லை. கம்பளியும் போய்விட்டது. நக்கிள்ஸ் மலையடிவாரத்துத் தேயிலைத் தோட்டங்களின் வழியாகக் காலையில் ஏறுபவர்கள், நிரையில் நின்று கொழுந்தெடுக்கும் பெண்களைக் காணலாம். இடுப்பில் படங்கு, தலையிலும் முதுகிலும் ஒரு பொலித்தீன் விரிப்பு. அது உரப்பையை வெட்டி விரித்ததாகவும் இருக்கும்.